இருநூற்றுப் பதினான்கு பாட்டும் ஒரு பூட்டும்

காலை பத்தேகாலுக்குப் பல்லுக்காரன் என்னை மறுபடியும் வெளியே தள்ளினான்.

நான் என் கடையில்தான் இருந்தேன். அவன் இரண்டு தெரு தள்ளி அவனுடைய லேபில் இருந்தான். ஆனாலும் தள்ளினான். கம்ப்யூட்டரில் பாதிச் சரணத்தில் பாட்டு நின்றது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி எழுந்து நின்று, "உங்கள் கணக்கு இப்போது வேறொரு கருவியில் திறந்திருக்கிறது. இங்கே திறக்க வேண்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டது.

வேண்டும் என்று அழுத்தினால் அங்கே அவனுக்குப் பாட்டு நின்றுபோகும். அழுத்தினேன். நிற்கட்டுமே. எவருடைய பல் செட்டோ இன்று பாட்டில்லாமல் பாலிஷ் ஆகட்டும்.

நான் படங்களுக்கு பிரேம் போடுகிறவன். கட்டையை மூலைக்கு மூலை சாய்வாக வெட்டி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, கண்ணாடி வெட்டி, பின்னால் அட்டை வைத்து ஆணி அடித்துக் கொடுப்பேன். அவன் பல் செட் செய்கிறவன். கல்லூரியில் எனக்குப் பக்கத்து இடம். அந்த நாளிலேயே நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் அதைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டான் போலிருக்கிறது, என் தங்கையையே கட்டிக்கொண்டான்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருநூற்றுப் பதினான்கு பாட்டு சொந்தம். ஊர் முழுக்க பென் டிரைவில் பாட்டை இலவசமாக அள்ளிக்கொண்டு திரிந்த காலத்தில், இணையத்தில் இருந்த ஒரு பாட்டுக் கடையில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய இரண்டே இரண்டு அப்பாவிகள் நாங்கள்தான். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பாட்டு வாங்குவோம். ஒன்று அவன் இஷ்டம், இன்னொன்று என் இஷ்டம். அவன் இஷ்டம் பெரும்பாலும் மூக்கால் பாடுகிற ஆளாக இருக்கும். அதையும் பொறுத்துக்கொண்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தக் கடைக்காரர்கள் பாட்டைப் பூட்டித்தான் கொடுத்தார்கள். காப்பி எடுக்க முடியாது. ஒருமுறை ஆசையாக பென் டிரைவில் போட்டுப் பார்த்தோம். பெயர் போனது, பாட்டு போகவில்லை. கணக்கைத் திறந்து வைத்திருக்கிற கருவியில் மட்டும்தான் பாடும். முதலில் இரண்டு கருவிக்கு அனுமதி இருந்தது. நடுவில் ஒருநாள் விதியை மாற்றி, ஒரு கணக்குக்கு ஒரு கருவி என்றார்கள். அப்போது நாங்கள் நல்லபடியாக இருந்த நேரம். காலையில் நான், மதியத்துக்குமேல் அவன் என்று பேசிவைத்துக்கொண்டு கேட்டோம். பாட்டு ஒருவரிடம்தான் இருக்கும் என்றாலும், கடைசியாக எந்தப் பாட்டு, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் ஓடியது என்ற பட்டியல் மட்டும் இரண்டு கம்ப்யூட்டரிலும் எப்போதும் தெரியும். அதை யாரும் பூட்டவில்லை.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. பல் செய்கிறவர்களின் சங்கம் அவனுக்கு ஏதோ பாராட்டுப் பத்திரம் கொடுத்திருந்தது. அதற்கு நான்தான் பிரேம் போட்டேன். தேக்கு நிறம், உள்ளே மெல்லிய தங்கக் கோடு. என் கையால் போட்டதிலேயே நல்லது என்று சொல்லுவேன். சுவரில் மாட்டிவிட்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.

"மச்சான், லேசா கோணலா இருக்கோ?"

"ஆணி கோணலா இருக்கும்."

"இல்லடா, மூலையே ஒட்டல மாதிரி தெரியுது."

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வந்தான். என் பெரியப்பா, என் மனைவி, தங்கை எல்லோருக்கும் முன்னால் அதை என் பிரேமின் தலையில் வைத்தான். உள்ளே இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கியது. பிரேம்காரனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பா போட்டிருந்த பல் செட் இவன் செய்து கொடுத்தது.

"என் பிரேம் கோணலாவே இருக்கட்டும். நீ செஞ்ச பல்லு பெரியப்பா சாப்பிடும்போது கடகடன்னு அடிக்குதே, அது பக்கத்து வீட்டுக்கே கேக்குது. அதுக்கு என்ன மட்டம் வெச்சுப் பாக்கறது?"

பெரியப்பா இரண்டு பேரையும் பார்த்து, பல் செட் தெரியச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் எழுந்து வந்தவன்தான். ஒன்றரை வருஷமாக அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது தனியாக இருக்கும்போது ஒத்துக்கொள்கிறேன்: மூலை அரை மில்லி விலகித்தான் இருந்தது. அவசரத்தில் பசை காய்வதற்குள் கிளாம்பை எடுத்துவிட்டேன். ஆனால் அதை ரசமட்டத்தோடு வந்து சொல்கிறவனிடம் எப்படி ஒத்துக்கொள்வது?

பேச்சு நின்றதும் காலை, மதியம் என்ற ஏற்பாடும் நின்றது. இஷ்டப்பட்ட நேரத்தில் அவன் பிடுங்குவான், இஷ்டப்பட்ட நேரத்தில் நான் பிடுங்குவேன். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே கணக்கில் குடியிருந்தோம். ஆனால் எங்கள் யுத்தத்திலும் ஒரு முறை இருந்தது, அதையும் சொல்லவேண்டும். நான் பசை தடவி கிளாம்ப் போட்டால் கடிகாரம் பார்க்க மாட்டேன், ஐந்து பாட்டு முடிந்ததும் கழற்றுவேன். அது அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவன் கை வைக்கவே மாட்டான். அவன் மெழுகில் பல் பதிக்கும்போது பாட்டு வேண்டாம், பாலிஷ் மோட்டார் ஓடும்போதுதான் வேண்டும். அது எனக்குத் தெரியும். மோட்டார் ஓடுகிற நேரமாகப் பார்த்துப் பிடுங்கினாலும், பத்து நிமிடம் கழித்து அவன் திரும்ப எடுத்தால் மறுபடி பிடுங்கமாட்டேன்.

பட்டியல்தான் எங்களுக்குப் பேச்சு. எனக்குப் பிடிக்காத அந்த மூக்குப் பாட்டை ஒரே நாளில் பதினொரு தடவை ஓடவிடுவான், நான் பார்க்கவேண்டும் என்பதற்காகவே. நான் பதிலுக்கு அவனுக்குத் தலைவலி கொடுக்கிற மேளப் பாட்டைப் பன்னிரண்டு தடவை ஓட்டுவேன். தங்கைக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம் அவன் மெதுவான பாட்டாகவே கேட்டான், பெரும்பாலும் நான் தேர்ந்தெடுத்தவை. அந்த ஒரு வாரம் நான் கணக்கைத் தொடவே இல்லை. அவள் வீட்டுக்கு வந்த அன்று மேளப் பாட்டு ஓடியது. வந்துவிட்டாள் என்று மனைவி போனில் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"போன்லதான் எல்லாப் பாட்டும் சும்மாவே கிடைக்குதே," என்றாள் மனைவி ஒருநாள். "அதையே கேட்டா என்ன?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? அதே ஆளு, அதே பாட்டு."

"இது நாங்க வாங்கினது."

"நீங்க பாட்டுக்காகச் சண்டை போடறீங்களா, இல்ல அண்ணன்கூடப் பேச முடியலன்னு சண்டை போடறீங்களா?"

என் தங்கை புருஷன் அவளுக்கு அண்ணன் முறை. அவளும் தங்கையும் தினமும் போனில் எங்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் கட்டையை அளக்கப் போய்விட்டேன். பதில் அவளுக்கே தெரிந்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத்தான், முதலில் சொன்னேனே, அவன் பத்தேகாலுக்குப் பிடுங்கினான் என்று, அன்று மதியம் ஒரு மெயில் வந்து முட்டுக்கட்டை போட்டது. பாட்டுக் கடையை மூடுகிறார்கள். இத்தனை வருட ஆதரவுக்கு நன்றி என்று நாலு வரி, நடுவில் விஷயம். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு பூட்டைத் திறந்துவிடுகிற வேலையை நிறுத்துகிறார்களாம். அந்த நேரத்தில் கணக்கு எந்தக் கருவியில் திறந்திருக்கிறதோ அதில் மட்டும், அந்தக் கருவி உயிரோடு இருக்கும்வரை, பாட்டு பாடும். வேறு எதிலும் இனி எக்காலத்திலும் பாடாது. பட்டியலும் அன்றோடு போய்விடும்.

ஆக, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே இருநூற்றுப் பதினான்கும். இன்னொருவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

அவனுக்கும் அதே மெயில் போயிருக்கும். அன்றிலிருந்து யுத்தம் சூடுபிடித்தது. திங்கட்கிழமை மட்டும் முப்பத்தோரு தடவை கணக்கு கைமாறியது. செவ்வாய்க்கிழமை ஒரு வாடிக்கையாளர் குடும்பப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நான் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறேன். புதன்கிழமை என் பசை நேரத்திலேயே அவன் கைவைத்தான். எனக்கு வந்த கோபத்தில் அவனுடைய மோட்டார் நேரம் முழுவதையும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை நாலு ஐம்பத்தொன்பதுக்கு எப்படிப் பிடிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று முடிவு.

வியாழக்கிழமை மதியத்திலிருந்து அவன் பக்கம் சத்தமே இல்லை.

கணக்கு என்னிடமே இருந்தது. சாயங்காலமும் என்னிடமே. வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து பார்த்தால், அப்போதும் என்னிடமே. சரி, தந்திரம் செய்கிறான், கடைசி நிமிடத்தில் பாய்வான் என்று நினைத்தேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நான் வேண்டுமென்றே மேளப் பாட்டை மூன்று தடவை ஓட்டினேன். எந்தப் பதிலும் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கவேண்டிய நேரத்தில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு மணிக்கு மனைவிக்கு போன் செய்தேன்.

"தங்கச்சி பேசினாளா?"

"பேசினா. ஏன்?"

"அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அண்ணன் நல்லாத்தான் இருக்காரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு லேபுக்குப் போனாராம். நீங்களே போன் பண்ணிக் கேளுங்களேன்."

"யாரு, நானா?"

"இல்ல, உங்க பிரேம்!" என்று வைத்துவிட்டாள்.

அப்படியென்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை. லேபில்தான் உட்கார்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பான். வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறான். எனக்கு விட்டுக்கொடுக்கிறான்!

முதலில் மனசு இளகியது, மறைக்கமாட்டேன். கண்கூடக் கலங்கியது. அடுத்த நிமிடமே மூக்குக்குமேல் கோபம் வந்தது. இவன் யார் எனக்கு விட்டுக்கொடுக்க? ஒன்றரை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டு, கடைசி நாளில் பெரிய மனுஷன் வேஷமா? அவன் போட்ட பிச்சையில் நான் ஆயுசு முழுக்கப் பாட்டு கேட்கவேண்டுமா? அதுவும் அந்த மூக்குப் பாட்டோடு?

திரையின் மூலையில் "இந்தக் கருவியை விடுவி" என்று ஒரு பொத்தான் உண்டு. இத்தனை வருஷத்தில் அதை நான் தொட்டதே இல்லை. நாலரை மணிக்கு அதை அழுத்தினேன். பாட்டு நின்றது. "கணக்கு எந்தக் கருவியிலும் திறந்திருக்கவில்லை" என்று வந்தது. அவன் திரையிலும் இதே வந்திருக்கும். எடுத்துக்கோடா, நீயே வெச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். யார் பெரிய மனுஷன் என்று இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

நாலு நாற்பது. அவன் எடுக்கவில்லை. நாலு ஐம்பது. எடுக்கவில்லை. ஏன் எடுக்காமல் இருக்கிறான்? பார்க்கவில்லையோ? நானே திரும்ப எடுத்துவிடலாமா? நான் எடுக்கிற அதே நொடியில் அவன் எடுக்க வந்தால், பார், கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டான் என்பான். நாலு ஐம்பத்தெட்டு. விரல் பொத்தானுக்குப் போகிறது, வருகிறது. எடுடா மடையா என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

ஐந்து.

"கணக்கு மூடப்பட்டது. எந்தக் கருவியிலும் உரிமம் இல்லை." இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் ஒவ்வொன்றாக மங்கின. கடைசியாகப் பட்டியலும் காலியானது.

கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். நான் பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போனேன். வேலை ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, மரத்தூள் உதிர உதிர ஓடினேன். அவன் லேபில் பூட்டு தொங்கியது. "பத்து நிமிடத்தில் வருகிறேன்" என்று அட்டை. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. திரும்பி ஓடிவந்தேன். பூட்டிய என் கடை வாசலில், மூச்சு வாங்கிக்கொண்டு, முழங்கை வரை பிளாஸ்டர் மாவோடு பல்லுக்காரன் நின்றுகொண்டிருந்தான். பாங்க் தெரு வழியாக வந்திருக்கிறான்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"உன் லேபுக்குத்தான்டா!"

"நான் இங்க நிக்கறேன்!"

"அதான் பாக்கறேனே!"

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"விடுவின்னு ஏன்டா அழுத்தின?" என்றான்.

"நீ ஏன்டா எடுக்கல?"

"நீ தூக்கிப் போட்டா நான் பொறுக்கிக்கணுமா?"

"நீ விட்டுக்கொடுத்தா மட்டும் நான் கைகட்டி வாங்கிக்கணுமா?"

"இருநூத்திப் பதினாலு பாட்டுடா, பாவி!"

"எனக்கும் எண்ணத் தெரியும்டா!"

பக்கத்து ஜெராக்ஸ் கடை அம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், ஏதாவது தகராறா?"

"இல்லம்மா, இவன் என் தங்கச்சி வீட்டுக்காரன்."

"ஓ, வீட்டு ஆளா," என்று நிம்மதியாக உள்ளே போய்விட்டார்.

அதில்தான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டான், மீசை வெள்ளையாயிற்று. அதைப் பார்த்து எனக்கும் அடக்கமுடியவில்லை. உலகத்தில் வேறு எந்த இரண்டு பேரும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்திருக்க முடியாது. ஆளுக்கு ஆள் பெருந்தன்மை காட்டி, இருந்ததையெல்லாம் மூழ்கடித்துவிட்டோம். கதவைத் திறந்து அவனை உள்ளே உட்காரவைத்தேன். அந்த மூலை அரை மில்லி விலகித்தான் இருந்தது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவனும் பெரியப்பா செட்டில் கீழ் வரிசை கொஞ்சம் லூஸ்தான் என்று ஒத்துக்கொண்டான். இதைச் சொல்ல இருவருக்கும் ஒரு நிமிடம் ஆயிற்று.

"சரி, நீ ஏன் நேத்துலேர்ந்து எடுக்கல?" என்று கேட்டேன். "அதைச் சொல்லு முதல்ல."

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"நேத்து பதினொண்ணு இருபதுக்கு உனக்கு உசிரான அந்த ரயில் பாட்டைப் போட்ட. ஒரே நிமிஷத்துல நின்னுபோச்சு. நான் பிடுங்கல, நீயா நிறுத்தியிருக்க. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே ஓடல. பதினஞ்சு வருஷமா பாக்கறேன், அந்தப் பாட்டை நீ ஒரு நாளும் பாதியில நிறுத்தினதில்ல. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. பாட்டாவது உன்கிட்ட இருக்கட்டும்னு விட்டுட்டேன். என்னடா ஆச்சு?"

இதை நான் உங்களிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. இருபது வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிறவன் கண்ணாடியில் கையை வெட்டிக்கொண்டேன் என்று யாரிடம் சொல்வது? பசை ஒட்டியிருக்கிறது என்று பொய் சொல்லித் துணியைச் சுற்றி வைத்திருந்தேன். வீட்டில் யாரும் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. இப்போது துணியை அவிழ்த்து இடது கட்டை விரலைக் காட்டினேன்.

அவன் விளக்கை இழுத்துக் கீழே வைத்து, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, அரை நிமிடம் குனிந்து பார்த்தான்.

"அறிவிருக்கா உனக்கு? இவ்வளவு ஆழமா இருக்கு. நேத்தே டாக்டர்கிட்ட போயிருக்க வேண்டாமா?"

"பிளாஸ்திரி போட்டா சரியாயிடும்."

"வாயை மூடு. எழுந்திரு."

கடையைப் பூட்டக்கூட என்னை விடவில்லை, அவனே பூட்டினான். ஆஸ்பத்திரி வரை என் மணிக்கட்டை விடவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான். விரலில் ஆரம்பித்து, புதன்கிழமை மோட்டார் நேரம், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசிய பேச்சு, கல்லூரியில் அவன் சட்டையில் நான் மை கொட்டியது என்று ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. நான் வாயே திறக்கவில்லை. எங்கே நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருந்தது.